பதினோராம் மணிக்கு வந்தவன்

இல்ல பாஸ்டர், நீங்க சொன்னது காதுல விழாம இல்ல. விழுந்துச்சு. எட்டு லட்சம், அடக்கச் செலவு தனி, இன்னிக்குச் சாயந்திரம் நாலு மணிக்குள்ள ஒடம்ப வாங்கிக்கணும். அவ்வளவுதானே? ஞாயிறு பள்ளிக்கூடத்துப் புள்ள வசனம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க. மொதல்ல உக்காருங்க. அந்த ஓரத்துல வேணாம், பெஞ்சு காலு ஆடுது. நேத்து சாயந்திரத்துலேர்ந்து இதுலதான் கெடக்குறேன், எங்க உக்காந்தா கவுக்கும்னு எனக்குத் தெரியும். மாஸ்டர், இங்க ஒரு டீ. சக்கர கம்மியா? சக்கர கம்மியா போடுங்க.

மார்ச்சுவரிக்கு எதுத்தாப்புல டீ குடிக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும். எனக்குப் பழகிடுச்சு. கடலூர் பெரியாஸ்பத்திரி வாசல்ல ஒடம்ப வாங்க மாட்டோம்னு நான் எத்தினி தடவ உக்காந்திருப்பேன்னு நெனைக்கிறீங்க? பத்தா? இருபத்தாறு. மொத தடவ உக்காந்தப்ப உங்கப்பாவுக்கே கல்யாணம் ஆயிருக்காது. தேவசகாயம் உக்காந்தா ஆர்டிஓ ஜீப்பு வரும்னு ஒரு பேச்சு இருந்துச்சு இந்த ஊர்ல. வரும். இப்ப ஜீப்பு வரல, பாஸ்டர் வர்றாரு. கோச்சுக்காதீங்க. நம்ம நெலம அப்படி ஆயிப்போச்சுன்னு சொல்றேன்.

செத்தவன வெச்சு பேரம் பேசலாமான்னு கேக்குறீங்க. பேரம்தான். இல்லங்கல. ஆனா வேற என்னா வழி, நீங்க சொல்லுங்க. உசுரோட இருக்கும்போது அவன் ஒரு நாளு வேலைக்குப் போவலன்னா, ஆலைக் கேட்டுக்கு வெளிய நூறு பேர் நிக்கிறான். அவன் எடத்துல இன்னொருத்தன் பத்து நிமிஷத்துல உள்ள போயிடுவான். செத்ததுக்கு அப்புறந்தான் அவன் ஒருத்தன். அவன் எடத்துல வேற ஆளப் படுக்க வெக்க முடியாது பாருங்க. ஏழை தன்னோட ஒடம்ப வெச்சு செய்யக்கூடிய ஒரே ஸ்டிரைக்கு இதுதான். மூணு நாளு ஐஸ் பொட்டியில கெடந்து செய்யறான்.

ஸ்ரீதர் அனுப்பிச்சாரா? கம்பெனி ஹெச்ஆர் ஸ்ரீதரு. தெரியும், நீங்க சொல்லாட்டியும் தெரியும். உள்ள கெடக்குற கதிரவன் உங்க சபை இல்ல. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பையன், சிதம்பரத்துல காலேஜு படிச்சிட்டு வேலையில்லாம இங்க வந்தவன், விபூதி பூசுற குடும்பம். நான்தான் உங்க சபை. உங்க சபைன்னா, மேல்பட்டாம்பாக்கத்துல உபதேசியார் மவன்னு ரிஜிஸ்டர்ல பேரு இருக்கு, அவ்வளவுதான். அதத் தேடிக் கண்டுபுடிச்சிருக்காரு பாருங்க. கெழவன் போலீசுக்கு மசியமாட்டான், வேதத்துக்கு மசிவான்னு. கெட்டிக்காரன். நம்ம கோயில் வாசல்ல தண்ணி சுத்தம் பண்ற மெஷினு கம்பெனி பேரு போட்டு நிக்குதில்ல, அதுவும் அவரு ஏற்பாடுதான். எங்க தெருக் கெணத்துல எறைக்கிற தண்ணி மஞ்சளா வர ஆரம்பிச்சு எத்தினி வருஷத்துக்கு அப்புறம் குடுத்தாங்கன்னு நான் கேக்கல. டீய குடிங்க, ஆறிடும்.

நீங்க அடக்கத்துக்கு வந்தீங்கல்ல, முந்தாநாளு, ராஜமாணிக்கம் அடக்கத்துக்கு? ஜெபம் பண்ணீங்க. நல்லாத்தான் பண்ணீங்க. தன் உசுரயே குடுக்குற அன்பவிடப் பெரிய அன்பு இல்லன்னு சொன்னீங்க. எல்லாரும் அழுதாங்க, ஸ்ரீதரும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. ஒரு கேள்வி கேக்குறேன், கோச்சுக்கக் கூடாது. யாருக்காக உசுரக் குடுத்தாருன்னு சொன்னீங்களா? அந்தப் பேரு உங்க வாயில வந்துச்சா?

நேரமில்லன்னு சொல்லாதீங்க. ஒன்னேகால் மணி நேரம் ஆராதனை.

நடந்தது என்னான்னு உங்களுக்குச் சரியாச் சொன்னாங்களோ இல்லியோ, நான் சொல்றேன். கழிவுத் தொட்டி. பன்னண்டடி ஆழம். அடியில சேறு கட்டிப்போச்சு, எறங்கிச் சொரண்டுன்னு சொல்லியிருக்காங்க. எறங்குனது கதிரவன். வேலைக்குச் சேந்து பதினோரு நாளு. மொகத்துக்கு ஒரு துணி, கால்ல ஹவாய் செருப்பு. உள்ள விஷக் காத்து, ரெண்டு நிமிஷத்துல சாஞ்சிட்டான். மேல நின்னவங்க கத்துனாங்க. ராஜமாணிக்கம் அந்தப் பக்கமாப் போயிக்கிட்டிருந்தாரு, சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவ கீழ வெச்சிட்டு எறங்குனாரு. எறங்காதீங்கன்னு புடிச்சவன் கையைத் தட்டிவிட்டுட்டு எறங்குனாரு. ஆளு இருபத்தெட்டு வருஷ சர்வீசு, அந்தத் தொட்டியோட கொணம் அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் எறங்குனாரு. ரெண்டு பேரையும் ஒரே கயித்துலதான் தூக்குனாங்க.

இப்பக் கேளுங்க. ராஜமாணிக்கம் கழுத்துல இருந்தது நீலக் கார்டு. பர்மனென்ட். இருபத்தஞ்சு லட்சம், பெரிய பையனுக்கு வேலை, மலர்வளையம், கம்பெனி பஸ்சுல சொந்தக்காரங்கள ஏத்திட்டு வந்தாங்க. கதிரவன் கழுத்துல மஞ்சக் கார்டு. கான்ட்ராக்ட்டு. எட்டு லட்சம். அதுவும் மொதல்ல மூணுன்னாங்க, நேத்து அஞ்சு, இன்னிக்கு உங்க வாயால எட்டு. ஒரே தொட்டி. ஒரே காத்து. ஒரே நிமிஷம். வெலை மட்டும் ரெண்டு.

ராஜமாணிக்கம் எறங்குறப்ப கார்டு என்னா கலர்னு பாத்தாரா? எட்டு லட்ச ரூபா ஆளுக்காக இருபத்தஞ்சு லட்ச ரூபா ஆளு எறங்கலாமா, நஷ்டமாச்சேன்னு யோசிச்சாரா? அவருக்குக் கணக்குத் தெரியல பாஸ்டர். உங்க ஸ்ரீதருக்கு நல்லாத் தெரியுது.

சரி, சத்தம் போடல. பழக்கம். கேட் மீட்டிங்குல மைக்கு இல்லாமப் பேசிப் பேசி இந்தத் தொண்டை இப்படித்தான் ஆயிடுச்சு.

ஸ்ரீதரு என்னா சொன்னாருன்னு தெரியுமா என்கிட்ட, பேச்சுவார்த்தையில? ஐயா, நாங்க கொடுமைக்காரங்க இல்ல, ஆனா கான்ட்ராக்ட் லேபருக்கு மார்க்கெட் ரேட்டு இதுதான், வெளிய ஆளு ஜாஸ்தி, நாங்க என்னா பண்றதுன்னாரு. ஆளு ஜாஸ்தின்னா உசுரு மலிவு. தக்காளி மாதிரி. நான் கேட்டேன், இந்த ரேட்ட யாரு வெச்சதுன்னு. யாரும் வெக்கல சார், அது தானா அமையுதுங்கறாரு. அப்ப அந்தக் குடும்பம் எப்படிப் பொழைக்கும்னேன். கம்பெனி நல்லா இருந்தா ஊரே நல்லா இருக்கும், காலப்போக்குல எல்லாம் மார்க்கெட்டே பாத்துக்கும்ங்கறாரு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு பாஸ்டர். நெசமா. எங்கப்பா உபதேசியாரு, சம்பளம் வராத மாசமெல்லாம் எங்கம்மாகிட்ட இதே கொரல்லதான் சொல்லுவாரு, கர்த்தர் பாத்துக்குவாருன்னு. அதே பொறுமை, அதே கண்ண மூடிக்கிறது. அப்பதான் எனக்குப் பட்டுச்சு. நாம நெனைக்கிறோம் இந்தப் பயலுங்களுக்குச் சாமி பூதம் எதுவும் கெடையாது, பணம்தான்னு. தப்பு. நம்மளவிட பக்தி ஜாஸ்தி. கண்ணுக்குத் தெரியாது, எங்கயும் இருக்கு, அது வெச்சதுதான் சட்டம், கேள்வி கேட்டா கோச்சுக்கிட்டு வேற ஊருக்குப் போயிடும். அப்பப்பக் காவு கேக்கும். குடுத்தா காலப்போக்குல மழ பெய்யும். இதுக்குப் பேரு பொருளாதாரமாம். நான் எட்டாங்கிளாஸ்தான், மீதியெல்லாம் துண்டு நோட்டீசும் சங்கத்து வெளியீடுமாப் படிச்சது. எனக்கே தெரியுது இது சாமி கும்புடறதுதான்னு. வேதம் படிச்ச உங்களுக்குத் தெரியல.

மொத கட்டளை என்னா? வேற தேவர்கள் வேணாங்கறது. அத எதுக்கு வெச்சிருக்கீங்க, காளியம்மன் கோயில் கூழ நம்ம புள்ளைங்க வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லவா?

இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க. முக்கியமானதுக்கு வர்றேன்.

போன மாசம் அறுப்பின் பண்டிகைக்கு நான் வந்திருந்தேன். பின்னாடி, செருப்பு விடற எடத்துக்கிட்ட உக்காந்திருந்தேன், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. திராட்சத் தோட்டத்துக் கூலியாளுங்க கதைய எடுத்துப் பேசுனீங்க. காலையில ஆறு மணிக்கு வந்தவன், ஒம்போதுக்கு வந்தவன், மத்தியானம் வந்தவன், கடசியா பதினோராம் மணிக்கு வந்தவன். பதினோராம் மணின்னா நம்ம கணக்குல சாயந்திரம் அஞ்சுன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் ஒரே காசு. மொதல்ல வந்தவன் மொணகுறான். அதுக்கு நீங்க என்னா வெளக்கம் சொன்னீங்க? முதலாளிக்குத் தன் பணத்து மேல உரிம உண்டு, அவரு இஷ்டப்படி குடுப்பாரு, தொழிலாளி முறுமுறுக்கக் கூடாதுன்னீங்க. மொத வரிசையில கமிட்டிக்காரங்க தலைய ஆட்டுனாங்க.

அந்தக் கதைய நீங்க ரூமுல உக்காந்து படிச்சிருக்கீங்க. ஒரு நாளு விடிகாலம் செம்மண்டலம் முக்குல போயி நின்னு படிங்க. சித்தாளு, கொத்தனாரு, குழி தோண்டறவன், அத்தினி பேரும் தூக்குல சோத்த வெச்சிக்கிட்டு நிப்பாங்க. மேஸ்திரி வந்து தோளைப் பாத்து, கையப் பாத்து எடுத்துக்கிட்டுப் போவான். நல்ல ஆளெல்லாம் ஏழு மணிக்குள்ள போயிடும். வயசானவன், இருமுறவன், முட்டி வீங்குனவ, இவுங்க நிப்பாங்க. பத்து மணி ஆவும். வெயில் ஏறும். வூட்டுக்குப் போவ முடியாது, போனா என்னா சொல்றது? அங்கயே மரத்தடியில சோத்தப் பிரிச்சுத் தின்னுட்டு நிப்பாங்க. அந்த முதலாளி அஞ்சு மணிக்கு வந்து ஏன்யா சும்மா நிக்கிறீங்கன்னு கேக்குறாரு. எங்கள யாரும் கூப்புடலங்கறான். அந்த ஒரு பதிலுதான் பாஸ்டர் மொத்தக் கதையும். யாரும் கூப்புடல. சோம்பேறின்னு சொல்லல, தெறம இல்லன்னு சொல்லல. கூப்புடல.

அதுக்கு அப்புறம் அந்த முதலாளி மார்க்கெட் ரேட்டு பாக்கல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரக் கூலின்னு கணக்குப் போட்டிருந்தா அவன் புள்ள அன்னிக்கு அரை வயித்தோட படுத்திருக்கும். வயித்துக்கு, நீ எத்தினி மணிக்கு வேலைக்குப் போனன்னு தெரியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு என்னா வேணுமோ அதக் குடுத்தாரு. பரலோக ராஜ்யம் இப்படி இருக்கும்னு சொல்றது அதைத்தான். நீங்க என்னாடான்னா அதையே முதலாளி உரிமச் சட்டமா மாத்திட்டீங்க.

கதிரவன் பதினோராம் மணிக்கு வந்தவன். பதினோரு நாளு சர்வீசு. ராஜமாணிக்கம் விடிகாலத்துல வந்தவரு. அதே காசு. இருபத்தஞ்சு. இதத்தான் கேக்குறோம். ஒரு ரூவா ஜாஸ்தி கேக்கல.

ஒடம்ப மூணு நாளு போட்டு வெக்கிறது பாவம்ங்கறீங்க. ஆவட்டும். வாரா வாரம் எழுந்து நின்னு சரீரம் உயிர்த்தெழும்னு அறிக்கை பண்றமே, சரீரம்னா எது? ஆலைக்குக் கை வேணும். உங்களுக்கு ஆத்துமா வேணும். ஒடம்பு ரெண்டு பேருக்கும் வேணாம். அந்த ஒடம்புக்குதான் எட்டு லட்சம்னு சீட்டு ஒட்டி உள்ள வெச்சிருக்கு. உங்க ஆளுங்கள மட்டும் சொல்லல. சிதம்பரத்துல மட்டும் என்னா வாழுது? எங்க ஆளு ஒருத்தரு அந்தக் காலத்துல சாமி பாக்கணும்னு போனாரு. மத்தவங்களுக்கெல்லாம் வாசல் வழி. அவருக்கு மட்டும் நெருப்பு வழி. ஜோதியில கலந்துட்டாருன்னு சொல்லிட்டாங்க. அங்கயும் ரெண்டு கார்டுதான். இத நேத்து கதிரவனோட மச்சான் கொளஞ்சிகிட்ட சொன்னேன், காட்டுமன்னார்கோயில்ல ரைஸ் மில்லுல மூட்ட தூக்குறவன். பெரியவரே, அவராச்சும் சாமிய பாக்கப் போனாரு, இவன் சேத்தத்தான அள்ளப் போனான்னான்.

என்னா எடுக்குறீங்க பையிலேர்ந்து? ஜெராக்சா? ஸ்ரீதர் குடுத்தாரா, என்கிட்டக் காட்டச் சொல்லி?

ம்.

இல்ல, படிக்க வேணாம். கண்ணாடி வேணாம். என்னான்னு எனக்குத் தெரியும். ரெண்டாயிரத்து மூணு, ஊதிய ஒப்பந்தம். பதினாலாவது ஷரத்து. வேலை நேரத்துல செத்தா கம்பெனி குடுக்குற தனித் தொகையும் வாரிசு வேலையும் நெரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். ஒப்பந்தத் தொழிலாளி சம்பந்தப்பட்ட எதுவும் இதுக்குள்ள வராது. அதுக்கு நிர்வாகம் பொறுப்பில்ல. வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன் பாருங்க.

எப்படி மனப்பாடம்னு பாக்குறீங்களா? கடசிப் பக்கம் திருப்புங்க. தொழிலாளர் தரப்புன்னு போட்டிருக்கும், அதுக்குக் கீழ. பச்ச இங்க்கு, ஜெராக்சுல கருப்பாத் தெரியும். படிக்க முடியுதா? பொதுச்செயலாளர்.

ஆமா. நான்தான்.

எழுவத்திரெண்டு நாளு ஸ்டிரைக்கு அது. புள்ளைங்க பட்டினி. கம்பெனிக்காரன் கடசியில எறங்கி வந்தான், மாசம் ஆயிரத்து நூறு ரூவா உயர்வு, ஆனா இந்த ஷரத்து இருக்கணும்னான். நம்ம ஆளுங்கள மொதல்ல காப்பாத்துவோம்னேன். நம்ம ஆளுங்க. கேட்டுல பட்டாசு, மாலை. மொத மாலை போட்டது ராஜமாணிக்கம். கூட்டம் கலையும்போது விருத்தாம்பான்னு ஒரு பொம்பள, கான்ட்ராக்டுல பெருக்குறவ, எழுவத்திரெண்டு நாளும் எங்களோட பட்டினி கெடந்தவ, வந்து கேட்டா, எங்களுக்கு என்னாண்ணேன்னு. அடுத்த ஒப்பந்தத்துல பாக்கலாம்மான்னேன். அடுத்த ஒப்பந்தம் போடறப்ப சங்கத்துல கையெழுத்து போடவே ஆளு இல்ல. நீலக் கார்டு முந்நூறு இருந்தது நாப்பதாச்சு. மஞ்சக் கார்டு அறநூறு. நான் அந்தக் கையெழுத்து போட்டப்ப கதிரவனுக்கு நாலு வயசு இருக்கும்.

உங்க பிரசங்கத்த இவ்வளவு திட்டுனேனே. அந்தக் கதையில மொணகுனது யாரு பாஸ்டர்? முதலாளி இல்ல. காலையிலயே வந்து, கூலி பேசி, தோளு வலிக்க உழைச்சவன். எங்க கூட இவனச் சமமாக்கிட்டியேன்னு கேட்டவன். நான் முப்பது வருஷமா அந்தக் கதையில கடசி ஆளு நான்தான்னு நெனச்சுக்கிட்டுப் படிச்சேன். ஸ்ரீதர் சொன்னாரே, ரேட்ட யாரும் வெக்கலன்னு. நான்தான்யா வெச்சேன்னு சொல்ல வாயி வரல அங்க.

கதிரவன் பொண்டாட்டிக்குத் தெரியுமாவா? சிந்துஜாவுக்கு? நேத்து சாயந்திரம் நானே சொல்லிட்டேன். மனசு கேக்காமன்னு நெனைக்காதீங்க. ஸ்ரீதரு வாயால அவ கேக்கக் கூடாதுன்னு ஒரு ரோஷம். சொன்னேன். அவ அழல. அப்ப என் வூட்டுக்காரரு வெலைய நீங்கதான் வெச்சீங்களான்னு கேட்டா. ஆமாம்மான்னேன். பாய எடுத்துக்கிட்டு ஷாமியானா அந்தப் பக்கம் போயி உக்காந்துக்கிட்டா. செத்த நேரம் கழிச்சு கொளஞ்சி வந்து என் கையில இருந்த மைக்க வாங்கிக்கிட்டான். மரியாதையாத்தான் வாங்குனான். இருபத்தஞ்சுல மாத்தம் இல்ல பெரியவரே, ஆனா இனிமே நாங்க கேட்டுக்குறோம்னான்.

அதனால நீங்க ஆளு மாறி வந்துட்டீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா அவ ஒடம்ப வாங்கிக்குவான்னு உங்கள அனுப்பிச்சிருக்காங்க, எனக்கு அந்த எடத்துலயே எடம் இல்ல. இங்க டீக்கடையில உக்காந்திருக்கேன். அதோ பாருங்க, நீல சுடிதாரு, மடியில ஃபைலு வெச்சிருக்கா பாருங்க, அவதான். பேசறதா இருந்தா அவகிட்டப் பேசுங்க. எட்டுன்னு ஆரம்பிக்காதீங்க.

டீக்கு நான் குடுத்துக்குறேன், போங்க. நான் அனுப்புனதா மட்டும் சொல்லிராதீங்க.